மெடிசெப்: எல்லையோரத்து ஊழியர்களும் ஓய்வூதியர்களும் நோய் வருமுன் முடித்து வைக்க வேண்டியவை

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு பதினோரு மணியளவில் என் மனைவிக்கு நெஞ்சில் இறுக்கமும் உடல் முழுக்க வியர்வையும் கண்டன. நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு இப்பால். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து மக்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் ஒன்று பாலக்காடு, இல்லையென்றால் கோயம்புத்தூர். கேரள அரசு ஊழியர், ஓய்வூதியர் காப்பீடான மெடிசெப்பின் பட்டியலில் பெயர் இருந்த கோவை மருத்துவமனை ஒன்றை நான் முன்பே குறித்து வைத்திருந்ததால், வண்டியை நேராக அங்கேயே விடச் சொன்னேன்.

காப்பீட்டுப் பிரிவில் இருந்த பையன் அட்டையைப் பார்த்துவிட்டு, "மெடிசெப் இருக்குதுங்க ஐயா, ஆனா எங்களுக்குக் கண்ணுக்கும் எலும்புக்கும் மட்டுந்தானுங்க. இருதயத்துக்குப் பணம் கட்டோணுங்க" என்றான். மகனின் வங்கி அட்டையில் முன்பணம் கட்டி ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது இருதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை, முடிந்தது. மனைவி நலமாக இருக்கிறார். ஆனால் கட்டிய பணத்தில் பாதியைச் சற்றுத் தாண்டிய தொகையைத் திரும்பப் பெறவே எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும், கணவர் மறைவுக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களும் என்ன பாடுபடுவார்கள் என்று எண்ணித்தான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. அட்டையில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்

மெடிசெப் என்பது கேரள அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள், குடும்ப ஓய்வூதியர்கள் ஆகியோருக்கான கட்டணமில்லாச் சிகிச்சைக் காப்பீடு. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களும் இதில் அடங்குவர். இணையதளத்தில் உங்கள் விவரத்தைத் திறந்து அட்டையை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். பணியில் இருப்பவர்களுக்குப் பென் எண்ணும் (நிரந்தர ஊழியர் எண்), ஓய்வூதியர்களுக்கு பி.பி.ஓ. எண்ணும் (ஓய்வூதிய ஆணை எண்) தேவைப்படும்.

அச்சிட்டவுடன் அதை உறையில் போட்டு வைத்துவிடாதீர்கள். ஆதார் அட்டையை அருகில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் தமிழ்க் குடும்பங்களில் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கிறது. கேரளப் பதிவேடுகளிலோ அது பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆதாரில் அந்த ஓரெழுத்து முழுப்பெயராக விரிந்துவிடுகிறது. பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் ஒரு முதலெழுத்து, பின்னால் வேறொன்று. என் மனைவி தெய்வானையின் பெயர் ஆதாரில் ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்குகிறது, மெடிசெப் பதிவில் 'டி ஹெச்' என்று தொடங்கியது, முதலெழுத்தோ ஒன்றில் என்னுடையது, மற்றொன்றில் என் மாமனாருடையது. பணம் கேட்டு நான் அனுப்பிய கோப்பு முதல் முறை திரும்பி வந்ததற்கு இரண்டு காரணங்கள் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று இது.

பிறந்த தேதியையும் இதேபோலச் சரிபாருங்கள். பள்ளிச் சேர்க்கைக்காக அந்தக் காலத்தில் போட்ட ஜூன் மாதத் தேதி ஓரிடத்திலும், உண்மைத் தேதி மற்றோரிடத்திலும் இருக்கும் பெரியவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

2. திருத்தம் எங்கே, எப்போது

பணியில் இருப்பவர்கள் தங்கள் சம்பளம் எடுத்து வழங்கும் அலுவலரிடம், அதாவது டி.டி.ஓ.விடம், எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். ஊழியர்களின் சம்பளப் பதிவு மென்பொருளான ஸ்பார்க்கில் உள்ள விவரமும் மெடிசெப் விவரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஓய்வூதியர்கள் ஓய்வூதியம் வாங்கும் ட்ரஷரிக்கு (அரசுக் கருவூலத்துக்கு) செல்ல வேண்டும். கொண்டு போக வேண்டியவை: ஆதார் நகல், பி.பி.ஓ. புத்தகத்தின் முதல் பக்க நகல், சேர்க்கப்படுபவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்று, இவற்றோடு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

காலம் இங்கே மிக முக்கியம். இந்தக் காப்பீடு சில ஆண்டுகள் கொண்ட கட்டங்களாக நடக்கிறது. ஒவ்வொரு கட்டம் தொடங்குவதற்கு முன்பும் விவரங்களைச் சரிபார்க்க நிதித்துறை குறிப்பிட்ட நாட்கள் கொடுத்துச் சுற்றறிக்கை விடும். அந்தக் கெடு முடிந்த பின், முதல் கட்டத்தில், புதிதாக மணமானவரின் துணை, பிறந்த குழந்தை, புதிதாக வேலைக்கு வந்தவர் போன்றவர்களைத் தவிர வேறு யாரையும் சேர்க்க வழியில்லாமல் இருந்தது. "அம்மாவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்ட என் பழைய சக ஆசிரியர் ஒருவர், அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தபோது நிலத்தை அடகு வைத்தார்.

யாரைச் சேர்க்கலாம் என்பதிலும் வேறுபாடு உண்டு. பணியில் இருப்பவர் தம் துணையையும், 25 வயதுக்குட்பட்ட, மணமாகாத, வேலையில்லாத பிள்ளைகளையும், தம்மைச் சார்ந்த பெற்றோரையும் சேர்க்கலாம். ஓய்வு பெற்ற பின் பெற்றோருக்கு இடமில்லை. ஆகவே ஓய்வு பெறப்போகும் ஆண்டில் பெற்றோருக்கு வேறு காப்பீட்டைப் பற்றி முன்கூட்டியே யோசியுங்கள். கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் ஒருவர் மற்றவருடைய அட்டையில் சார்ந்தவராகச் சேர முடியாது, இருவரும் தனித்தனியே சந்தா கட்டுகிறார்கள். இது நியாயமா என்று கேட்டால் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் விதி அதுதான்.

3. சந்தாவும் உச்ச வரம்பும்

2022 ஜூலை 1 அன்று தொடங்கிய முதல் கட்டத்தில் சந்தா மாதம் 500 ரூபாய், ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஓய்வூதியர்களுக்கு அதுவரை கிடைத்த 500 ரூபாய் மருத்துவப்படிக்கு ஈடாக இந்தச் சந்தா பிடிக்கப்பட்டதால், பலர் தாம் சந்தா கட்டுவதையே அறியாமல் இருந்தார்கள். உங்கள் பணம் போகிறது, ஆகவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் கட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்று சொன்னாலும் அதற்குள் ஒரு நுணுக்கம் இருந்தது. அதில் 1.5 லட்சம் அந்தந்த ஆண்டுக்கு உரியது, செலவழிக்காவிட்டால் காலாவதியாகிவிடும், மற்ற 1.5 லட்சம் மூன்றாண்டுக் கட்டத்துக்குள் முன்பின்னாக எடுத்துக்கொள்ளக்கூடியது. இதை அறியாமல், கட்டத்தின் இறுதியில் தேவையான அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு இழந்தவர்கள் உண்டு. இரண்டாம் கட்டத்துக்கு 2025இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது அடிப்படை வரம்பு 5 லட்சமாக உயர்த்தப்பட்டது, சந்தாவும் கூடியது. நடப்புக் கட்டத்தின் பிடித்தத் தொகையை உங்கள் சம்பளப் பட்டியலிலோ ஓய்வூதியச் சீட்டிலோ பாருங்கள். பிடித்தம் இல்லாத மாதம் ஏதாவது இருந்தால் அன்றே ட்ரஷரியில் கேளுங்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்பீடு உண்டு. முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. வயது வரம்பும் கிடையாது. தனியார் காப்பீட்டில் எழுபது வயதுக்காரருக்கு இவை கிடைப்பது அரிது என்பதால், என்ன குறை சொன்னாலும் இந்தத் திட்டத்தை விட்டுவிட நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

வெளிநோயாளிச் செலவு இதில் அடங்காது. பணியில் இருப்பவர்கள் அதற்கு 1960ஆம் ஆண்டின் கேரள அரசு ஊழியர் மருத்துவ விதிகளின்படி தனியே விண்ணப்பிக்கலாம். டயாலிசிஸ், கீமோதெரபி, கண்புரை போன்ற ஒருநாள் சிகிச்சைகள் மெடிசெப்பில் அடங்கும்.

4. மருத்துவமனைப் பட்டியலைத் துறை வாரியாகப் பாருங்கள்

நான் இடறிய கல் இதுதான். பட்டியலில் ஒரு மருத்துவமனையின் பெயர் இருப்பதாலேயே அங்கே எல்லா நோய்க்கும் அட்டை செல்லும் என்று பொருளில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தான் விரும்பும் துறைகளுக்கு மட்டுமே ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாகத் திட்டம் தரும் தொகுப்புக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று கருதும் துறைகளை விட்டுவிடுகிறது. மக்கள் அதிகம் தேடும் இருதயம், நரம்பு, எலும்பு ஆகியவைதான் அப்படி விடுபடுபவற்றில் முன்னால் நிற்கின்றன.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இந்த வேலையைச் செய்து முடியுங்கள். ஒரு தாளில் இருதயம், பக்கவாதம், எலும்பு முறிவு, சிறுநீரகம், புற்றுநோய், கண் என்று ஆறு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அந்தத் துறைக்கு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகள் இரண்டை எழுதுங்கள். ஒன்று பாலக்காட்டுப் பக்கம், ஒன்று கோவை அல்லது திருச்சூர்ப் பக்கம் இருக்கட்டும். மாநிலத்துக்கு வெளியிலும் சில மருத்துவமனைகள் பட்டியலில் உண்டு என்றாலும் அவை குறைவு. இணையதளத்தில் பார்த்த பின் மருத்துவமனைக்கே தொலைபேசியில் பேசி, "மெடிசெப் எடுப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல், "மாரடைப்பு என்றால் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு மெடிசெப் எடுப்பீர்களா? இரவில் வந்தாலும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் அதே தாளில் குறியுங்கள். இந்தத் தாள் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒப்பந்தங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்டுத் திருத்துகிறேன்.

அரசு மருத்துவமனைகளையும் மறக்காதீர்கள். புற்றுநோய்க்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், இருதயத்துக்கும் மூளைக்கும் அங்கேயே உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவை எட்ட இருந்தாலும், திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கு இரயிலேறிப் போகத் தகுந்தவை. மூட்டு மாற்று, இடுப்பு மாற்று அறுவைகள் பற்றிய விதி முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் வேறுபடுவதால், முழங்கால் வலியுள்ளவர்கள் பழைய தகவலை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

5. தரத்தை எப்படி அளப்பது

பளிங்குத் தரையும் வரவேற்பறைப் பூச்சாடியும் தரத்தைச் சொல்லாது. முதலில் என்.ஏ.பி.ஹெச். சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இயங்கும் மருத்துவமனை அங்கீகார வாரியம் தருவது. சுவரில் தொங்கும் சான்றிதழில் முடிவுத் தேதியைப் படியுங்கள்; காலாவதியான சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருப்பதை நானே ஓரிடத்தில் பார்த்தேன். நுழைவுநிலைச் சான்று வேறு, முழு அங்கீகாரம் வேறு என்பதையும் கவனியுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு இதுபோல என்.கியூ.ஏ.எஸ். என்ற தேசியத் தரச் சான்று உண்டு, அதை நம் ஊர்க் குடும்ப ஆரோக்கிய மையங்கள் பலவும் பெற்றிருக்கின்றன.

சான்றைவிட எனக்குப் பயன்பட்டவை நேர்க் கேள்விகள். ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கூடமான காத் லேப் இரவும் இயங்குமா, அல்லது மருத்துவர் வீட்டிலிருந்து வர வேண்டுமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவில் மருத்துவர் தங்குகிறாரா? இரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தை நம்பலாம். "எல்லாம் இருக்கு சார், நீங்க அட்மிட் பண்ணுங்க" என்பது பதில் ஆகாது.

கேரளத்தில் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி, மருத்துவமனைகள் தங்கள் கட்டண விகிதங்களை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் பில்லும் தெளிவாக இருக்காது என்பது என் அனுபவம்.

6. சேரும் நாளில்

மெடிசெப் அட்டை, நோயாளியின் ஆதார், பணியாளரின் அல்லது ஓய்வூதியரின் அடையாளச் சான்று, பழைய மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை அசலும் இரண்டு நகலுமாக எடுத்துச் செல்லுங்கள். கட்டிலில் படுக்க வைத்தவுடன் ஒருவர் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மருத்துவமனைதான் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன் அனுமதிக் கோரிக்கையை அனுப்ப வேண்டும், நீங்கள் அனுப்ப முடியாது. அனுப்பிய நேரத்தையும் கோரிக்கை எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பொறிகள் இங்கே உண்டு. ஒன்று, வெறுந்தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்து வாங்குவது. "கூடுதல் செலவை ஏற்கிறேன்" என்ற வரி அதில் பின்னால் ஏறலாம். மற்றொன்று அறை. உங்களுக்குத் தகுதியுள்ள அறை இல்லை, மேல்தர அறைதான் இருக்கிறது என்று சொல்வார்கள். நீங்களாக மேல்தர அறையைக் கேட்டு எடுத்தால் வித்தியாசத் தொகை உங்கள் தலையில் விழும். உண்மையிலேயே அறை இல்லையென்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கேட்டவுடன் அறை கிடைத்துவிடுவதும் உண்டு.

தொகுப்புக் கட்டணம் என்பது மருந்து, அறை, மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்ந்தது. அதற்குப் பிறகும் வெளியே மருந்து வாங்கி வரச் சொன்னால், அந்தச் சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள், தனியாகப் பணம் கட்டச் சொன்னால் இரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

7. வீடு திரும்பும் நாளில்

காப்பீட்டு அனுமதியோ இறுதிப் பில்லோ வர மாலையாகிவிடும். காலையிலேயே வண்டிக்குச் சொல்லிவிட்டு நான் காத்திருந்தது ஏழு மணி நேரம். அந்த நேரத்தை வீணாக்காமல் கோப்பைச் சரிபாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், சேர்ந்த நேரம், செய்த சிகிச்சை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். ஒரே வரியில் மொத்தத் தொகை போட்ட பில்லை ஏற்காதீர்கள், இனம் இனமாகப் பிரித்த பில் வேண்டும்.

இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழலான ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் விலையும் நிறுவனப் பெயரும் தனியே காட்டப்பட வேண்டும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுக்கு உச்ச விலை வகுத்தது. அப்போது மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய். பின்னால் இந்தத் தொகைகள் திருத்தப்பட்டு வருகின்றன. ஸ்டென்ட் பெட்டியில் வரும் சிறு ஒட்டுத்தாளில் அதன் வரிசை எண் இருக்கும், அதை நோயாளியின் கோப்பில் ஒட்டித் தருவார்கள். என் மனைவியின் கோப்பில் அது இல்லை. நான் திரும்பிப் போய்க் கேட்டபோது செவிலியர் ஒருவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, நாக்கால் நனைத்து, என் கண்முன்னே ஒட்டினார். அந்த விரலளவு தாள் இல்லாமல் ஸ்டென்டுக்கான தொகை வந்திருக்காது.

8. பட்டியலில் இல்லாத, அல்லது எங்களுக்கு நேர்ந்தது போல அந்தத் துறைக்கு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் சிகிச்சை பெற நேர்ந்தால்

முதல் கட்டத்தில் விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய அவசரங்களுக்கே இந்த வழி இருந்தது. நடப்புக் கட்டத்தின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தை முதலில் நீங்கள் கட்டி, பின் கோர வேண்டும். கிடைப்பது கட்டிய தொகை அன்று, திட்டத்தின் தொகுப்புக் கட்டணம். வித்தியாசம் உங்கள் நட்டம்.

என் கோப்பு திரும்பியதற்கு இரண்டாவது காரணம், அவசரநிலை என்று மருத்துவர் தனியே சான்று தராதது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மாரடைப்பு என்று இருந்தும் அது போதவில்லை. ஆகவே மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன், நோயாளி எந்த நிலையில் எத்தனை மணிக்குக் கொண்டுவரப்பட்டார், உடனே சிகிச்சை தராவிட்டால் உயிருக்கு ஆபத்து இருந்தது என்று மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரையுடன் சான்று வாங்குங்கள். பத்து நாள் கழித்துப் போனால் அந்த மருத்துவர் விடுப்பில் இருப்பார். அதற்காகவே நான் மூன்று முறை சோதனைச் சாவடியைத் தாண்டினேன்.

கோப்பில் வைக்க வேண்டியவை: கோரிக்கைப் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்த பில், பணம் கட்டிய இரசீதுகள், பரிசோதனை அறிக்கைகள், அவசரச் சான்று, மெடிசெப் அட்டை நகல், வங்கிப் புத்தக முதல் பக்க நகல். பெயர் வேறுபாடு இருந்தால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கிராம அலுவலர் தரும் சான்றையும் சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டு மருத்துவமனையில் சில தாள்கள் தமிழில் இருக்கும், அவற்றை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். அசலை அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நகலுக்கும் அஞ்சலுக்குமாக எனக்கு அறுநூறு ரூபாய்க்குள்தான் ஆயிற்று. போக்குவரத்துச் செலவுதான் அதைப்போலப் பல மடங்கு.

கெடுவின் கடைசி நாள்வரை காத்திருக்காமல், வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

9. மறுத்தால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணம் அதில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதை வைத்து எந்த இடத்திலும் முறையிட முடியாது. இணையதளத்திலேயே புகார் பதியும் பகுதி இருக்கிறது, முதலில் அங்கே பதியுங்கள். அது நகரவில்லையென்றால் திட்டத்தை நடத்தும் நிதித்துறைக்கு எழுதுங்கள். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சிவகாந்த் ஜா வழக்கில் சொன்னது. அது மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கு என்றாலும் கடிதத்தில் எடுத்துக்காட்டத் தகுந்தது.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவமனை கோவையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. மறுப்பு வந்த இரண்டாண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

கடிதம் எழுத மலையாளம் தெரியவில்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது. நான் ட்ரஷரிக்குத் தமிழிலேயே எழுதினேன், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் காப்பீட்டு நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள் வராது. அவர்களுக்கு அனுப்பும் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, ஒப்புகைச் சீட்டுடன் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அந்தச் சீட்டைக் கோப்பின் முதல் பக்கத்தில் ஊசி குத்தி வையுங்கள்.